பெயர் நிலைக்குமா, ஆள் நிலைக்குமா? ராக், ஜாஸ், எலக்ட்ரானிக் கலைஞர்களின் நீண்ட பயணம்

தாளக்கட்டு

ஒரு பேண்டின் முதல் ஆட்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அதே பெயரில் கச்சேரி நடக்கலாமா என்று யாராவது கேட்டால் இந்த மன்றத்தில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. ரசிகருக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு கட்சி. பாட்டு உயிரோடு இருந்தால் போதும் என்று இன்னொரு கட்சி. பேச்சு ஒவ்வொரு முறையும் வேறொரு இழையின் நடுவில் கிளம்பி அங்கேயே அமுங்கிப்போகிறது. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

டாஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவில் தொடங்குகிறேன். 1967-ல் எட்கர் ஃப்ரோசே ஆரம்பித்த குழு. அவர் 2015 ஜனவரியில் இறந்தார். 2005-ல் வந்து சேர்ந்த தோர்ஸ்டன் குவேஷ்னிங்தான் இன்று அதை நடத்துகிறார். முதல் நாள் இருந்தவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை. ஃப்ரோசேயின் மகன் ஜெரோமும் ஒரு காலத்தில் அதே குழுவில் வாசித்தவர். அப்பாவோடு குழுவும் முடிந்தது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இன்னொரு ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவான கிராஃப்ட்வெர்க்கில் 1970 முதல் இருப்பவர் ரால்ஃப் ஹூட்டர் ஒருவர்தான். ஃப்ளோரியன் ஷ்னைடர் 2008-ல் விலகினார், 2020-ல் காலமானார். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டில் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். ஆனாலும் அதே பெயரில் 2023-ல் புது ஆல்பம் வந்தது.

இதே கேள்வியை ஜாஸில் யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார். இது உண்மையான மைல்ஸ் டேவிஸ் குழுதானா என்று எவரும் வழக்காடவில்லை.

என் எண்ணம் இதுதான். ராக்கில் சொத்து பெயரின் மேல் இருக்கிறது. ஜாஸில் ஆளின் கையில் இருக்கிறது. எலக்ட்ரானிக்கில் ஒலியிலேயே இருக்கிறது. ஒரு கலைஞரின் வாழ்க்கை எங்கே முறிகிறது, எங்கே நீள்கிறது என்பதை இதுவே தீர்மானிக்கிறது. மறுப்பவர்கள் பெயரும் ஆண்டும் சொல்லி மறுக்கவும். பிடிக்கும், பிடிக்காது என்பதோடு நிற்க வேண்டாம்.

இரண்டாம்பக்கம்

ராக் பத்தி மட்டும் பேசறேன், மத்ததை மத்தவங்க எழுதட்டும்.

1980-ல ஒரே வருஷத்துல ரெண்டு பேண்டுக்கு ஒரே மாதிரி அடி விழுந்தது. பிப்ரவரி 19 அன்னைக்கு ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் இறந்தார். செப்டம்பர் 25 அன்னைக்கு லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹம். ஏசி/டிசி பிரையன் ஜான்சனைக் கூட்டிக்கிட்டு வந்து ஜூலை கடைசியிலேயே 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை வெளியிட்டுட்டாங்க. இடையில அஞ்சு மாசம்தான். உலகத்துலயே அதிகமா வித்த ஆல்பங்கள்ல அதுவும் ஒண்ணு. செப்பலின், டிசம்பர் 4 அன்னைக்கு ஒரு சின்ன அறிக்கை விட்டு முடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க ஒரு முழுக் கச்சேரி பண்ணினது 2007 டிசம்பர் 10-ல, லண்டன்ல, பான்ஹமோட மகன் ஜேசன் டிரம்ஸ் வாசிக்க.

எது சரின்னு கேட்டா ரெண்டுமே சரின்னுதான் சொல்வேன். காரணம் அந்தந்த இசையிலேயே இருக்கு. ஏசி/டிசிக்கு முதுகெலும்பு மால்கம் யங்கோட ரிதம் கிட்டார். பாடறவர் மாறினாலும் அந்த வெட்டு மாறலை. செப்பலின்ல கதை வேற. பான்ஹம் பீட்டுக்கு ஒரு இழை பின்னால தள்ளி அடிப்பார். ஜிம்மி பேஜோட கிட்டார் அந்த எடையை நம்பித்தான் முன்னால ஓடும். அவர் இல்லாம அந்தக் கட்டடம் நிக்காதுன்னு மத்த மூணு பேருக்கும் தெரிஞ்சிருந்தது.

இன்னொரு விஷயம். பெயருக்கு உள்ள இருக்கறவர் யாரு, வெளியில நிக்கறவர் யாருன்னு பாக்கணும். இயன் ஸ்டூவர்ட்னு ஒரு பியானோக்காரர், 1962-ல ஸ்டோன்ஸைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1963-ல மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் வந்ததும், தோற்றம் ஒத்துவரலை, ஆறு பேர் ஜாஸ்தின்னு அவரைப் படத்துல இருந்து எடுத்துட்டார். அவர் கோவிச்சுக்கிட்டுப் போகலை. வண்டியில சாமான் ஏத்தினார், மேடை ஓரத்துல உட்கார்ந்து பியானோ வாசிச்சார், 1985-ல இறக்கற வரைக்கும் கூடவே இருந்தார். 1989-ல ஸ்டோன்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தப்போ அவர் பேரையும் சேர்க்கணும்னு பேண்டே கேட்டு வாங்கினாங்க.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. டாரில் ஜோன்ஸ் 1993-லேர்ந்து ஸ்டோன்ஸுக்கு பேஸ் வாசிக்கறார். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் அவர் பேண்டோட உறுப்பினர் கிடையாது, கூலிக்கு வாசிக்கறவர்தான். அவரை சார்லி வாட்ஸ்தான் தேர்ந்தெடுத்தார். ஏன்னா ஜோன்ஸ் முன்னால மைல்ஸ் டேவிஸ் குழுவில வாசிச்சவர்! தாளக்கட்டு ராக், ஜாஸ், எலக்ட்ரானிக்னு போட்ட மூணு பெட்டியில ரெண்டு இங்கேயே கலந்துடுது.

நீலச்சுரம்

டாரில் ஜோன்ஸை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சார்லி வாட்ஸ் வாழ்நாள் முழுக்க மனசளவில் ஜாஸ் டிரம்மர்தான். ஸ்டோன்ஸ் ஓய்வெடுத்தபோதெல்லாம் ஜாஸ் குழுவோடு வாசித்தார். அவர் கையில் அந்தத் தேர்வு வந்ததும் ஜாஸ் ஆளைத்தான் எடுத்தார்.

ஜாஸில் ஆளின் கையில்தான் சொத்து என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆட்களை மாற்றுவது மட்டுமே ஜாஸ் வழி என்று நினைத்துவிடக் கூடாது. பியானோ வாசித்து ஆர்கெஸ்ட்ரா நடத்திய டியூக் எலிங்டனைப் பாருங்கள். 1927 டிசம்பரில் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் ஏறியவர், 1974 மே 24-ல் இறக்கும்வரை ஆர்கெஸ்ட்ராவைக் கலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய ஜாஸ் ஆர்கெஸ்ட்ராக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பதினைந்து இருபது பேருக்குச் சம்பளம், பஸ், விடுதி என்று கட்டுப்படியாகவில்லை. எலிங்டன் தன் பாடல்களுக்கு வந்த ராயல்டியைக் கொண்டுவந்து குழுவின் சம்பளத்தில் கொட்டினார். எழுதியதை மறுநாளே அந்த ஆட்கள் வாசித்துக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோனுக்கு என்றே ஒரு வரி எழுதுவார். அது வேறொருவர் வாசிப்பில் அதே மாதிரி விழாது.

ஹாரி கார்னி என்ற பாரிட்டோன் சாக்ஸபோன்காரர் 1927-ல் பதினேழு வயதில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போகும்போது மற்றவர்கள் பஸ்ஸில் வருவார்கள். எலிங்டன் கார்னியின் காரில், பக்கத்து இருக்கையில். நாற்பத்தேழு ஆண்டு. எலிங்டன் மே மாதம் இறந்தார், கார்னி அதே ஆண்டு அக்டோபரில்.

மைல்ஸ் நேர்மாறு. 1963-ல் டோனி வில்லியம்ஸை எடுத்தபோது அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், பிறகு வெயின் ஷார்ட்டர் என்று சேர்ந்த அந்த ஐவர் குழு அறுபதுகளின் முடிவுக்குள் கலைந்துவிட்டது. கலைந்ததால்தான் அடுத்த பத்தாண்டின் ஜாஸ் வந்தது. ஷார்ட்டரும் ஜோ ஸாவினுலும் வெதர் ரிப்போர்ட். கிட்டார்காரர் ஜான் மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர். ஹான்காக் ஹெட் ஹண்டர்ஸ். எல்லோரும் ஒரே வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போனவர்கள். ஒரு பேண்ட் உடைந்தால் ராக் ரசிகர் துக்கம் கொண்டாடுகிறார். ஜாஸில் அதுதான் பரம்பரை வளரும் வழி. ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவைப் பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள்: லீ மார்கன், ஷார்ட்டர், ஃப்ரெடி ஹப்பர்ட், விண்டன் மார்சலிஸ், எல்லோரும் அங்கே படித்து வெளியே வந்தவர்கள்.

ஆனால் கணக்கு வழக்கில் மைல்ஸை யாரும் புகழ வேண்டாம். 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தில் வரும் 'புளூ இன் கிரீன்' மெட்டு தன்னுடையது என்று அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ் சொல்லிவந்தார். இசைத்தட்டில் மைல்ஸ் பெயர் போட்டிருந்தது. ராயல்டியில் பங்கு உண்டா என்று கேட்டதற்கு மைல்ஸ் 25 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்ததாக எவன்ஸ் பின்னாளில் சொன்னார்.

கீபோர்டுத்தொழில்

நீலச்சுரம் அம்மா கடைசியில் தொட்ட இடம்தான் என் பிழைப்பு. நானும் மற்றவர் பெயரில் வரும் இசைக்குக் கூலிக்கு வாசிப்பவன். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்குகிறேன். இது புரியாமல் எந்த பேண்ட் ஏன் உடைந்தது என்று பேசிப் பயனில்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று மெட்டும் வரியும், அதாவது பாடல். மற்றொன்று ஸ்டுடியோவில் பதிந்த அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. பாடலை எழுதியவர் என்று யார் பெயர் போடப்படுகிறதோ அவருக்கு வானொலி, மேடை, இன்னொருவர் பாடும் புதுப்பதிவு என்று எல்லா இடத்திலிருந்தும் வாழ்நாள் முழுக்கப் பணம் வரும். ஒலிப்பதிவின் பங்கு பெரும்பாலும் லேபிளுக்கும் ஒப்பந்தம் போட்ட கலைஞருக்கும். கூலிக்கு வாசித்தவருக்கு அன்றைய கூலி. பேண்டில் இருபது வருடம் ஒன்றாக இருந்தாலும், பாடலில் பெயர் உள்ளவர் வீடு வாங்குவார். டிரம்மர் அடுத்த டூர் எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பார். மனக்கசப்பு அங்கே பிறக்கிறது.

இதைச் சரியாகக் கையாண்டவர்கள் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்ட். யார் எழுதினாலும் நால்வர் பெயரும் போட்டார்கள், பங்கும் சமம். 1995 மார்ச் 1 அன்று லோசான் நகர மேடையில் டிரம்மர் பில் பெர்ரி மூளை ரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். பிழைத்து எழுந்து, டூரையும் முடித்து, 1997-ல் நல்லபடியாகவே விலகினார். மற்ற மூவரும் 2011-ல் கலைத்தார்கள். வழக்கு இல்லை, வசை இல்லை. 2024 ஜூனில் பாடலாசிரியர் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் நால்வரும் வந்து ஒரே ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனார்கள். அந்த விருதே பாடல் எழுதியவர்களுக்கானது. நால்வரும் அதில் இருந்தார்கள் என்றால் முதல் நாள் போட்ட அந்த ஏற்பாடுதான் காரணம்.

எதிர்முனை ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து பேண்ட். மொரிஸியும் ஜானி மாரும் பாடல்களை எழுதினார்கள். அந்தப் பணத்தில் யாரும் கை வைக்கவில்லை. தகராறு ஒலிப்பதிவு, கச்சேரி வருமானத்தில். பேஸுக்கும் டிரம்ஸுக்கும் ஆளுக்குப் பத்து சதவீதம் மட்டுமே கொடுக்கப்பட்டது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. டிரம்மர் மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் நீதிமன்றம் 1890-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்து வைத்தது: வேறு உடன்பாடு நிரூபிக்கப்படாவிட்டால் பங்காளிகளுக்குச் சம பங்கு. 25 சதவீதம் தீர்ப்பானது. பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க் 1989-லேயே 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு சமரசம் செய்துவிட்டார். ஐந்தே வருடம் ஓடிய பேண்ட் அது. அந்தச் சண்டை அதைவிட நீண்ட காலம் ஓடியது.

பேண்ட் தொடங்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், முதல் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் பங்கை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் வராத நாளில் எழுதுவது எளிது.

நீலச்சுரம்

கீபோர்டுத்தொழில் ஐயாவுக்கு நன்றி. இதை ஹெர்பி ஹான்காக் இருபத்திரண்டு வயதிலேயே கற்றுக்கொண்டார். புளூ நோட் லேபிளில் முதல் ஆல்பம், 1962. டிரம்பெட்காரர் டொனால்ட் பேர்ட் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: பாடல்களின் பதிப்புரிமையைத் தங்களுக்கு எழுதித் தரச் சொல்வார்கள், கொடுக்காதே. அதேபோல் கேட்டார்கள். ஹான்காக் மறுத்தார். அப்படியானால் பதிவு இல்லை என்றார்கள். அவர் எழுந்து கதவை நோக்கி நடந்தார். கூப்பிட்டு உட்கார வைத்து, உரிமை உன்னிடமே இருக்கட்டும் என்றார்கள். அதில் ஒரு மெட்டு 'வாட்டர்மெலன் மேன்'. 1963-ல் மாங்கோ சாண்டமரியா அதை வாசித்து அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் கொண்டுபோனார். அந்த வருமானத்தில் ஹான்காக் ஒரு கோப்ரா கார் வாங்கினார்.

கார் பெரிதில்லை. அந்த உரிமை கையில் இருந்ததால்தான் அவர் பின்னால் துணிந்து சின்தசைசர் பக்கம் போக முடிந்தது. 1973-ல் ஹெட் ஹண்டர்ஸ், 1983-ல் பில் லாஸ்வெலோடு 'ராக்கிட்'. அதில் டிஜே இசைத்தட்டைக் கையால் தேய்த்து எழுப்பும் ஒலியை உலகம் முழுக்க வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டு சேர்த்தவர் ஒரு ஜாஸ் பியானோக்காரர்.

மின்சாரக்குயில்

எலக்ட்ரானிக் பகுதிக்கு யாரும் வரவில்லையே என்று பார்த்தேன்.

ஒலியில்தான் சொத்து என்று தாளக்கட்டு சொன்னதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மதிப்பு ஒலியில் இருக்கிறது. பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதில்லை.

1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற சோல் குழு ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு 'ஆமென் பிரதர்' என்று ஒரு வாத்தியப் பாட்டைப் பதிந்தது. நடுவில் மற்றவர்கள் நிறுத்த, டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக நான்கு பார் (தாளச் சுற்று) வாசிக்கிறார். ஆறேழு விநாடிதான் ஓடும்; ஆமென் பிரேக் என்பது இதுதான். முதல் இரண்டு பார் நேராகப் போகும். மூன்றாவதில் ஸ்நேர் அடி ஒன்று தள்ளி விழும். நான்காவதில் முதல் அடியையே காலியாக விட்டுவிட்டு, கடைசியில் கிராஷ் சிம்பல். ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப ஓடவிடும் சாம்ப்ளர் கருவி வந்ததும் இதை எடுத்து வேகம் கூட்டி, துண்டுதுண்டாக நறுக்கி, திரும்ப அடுக்கினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இரண்டு இசை வகைகளே இந்த ஆறேழு விநாடியின் மேல்தான் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் வீடில்லாத நிலையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் இரண்டு இசை ஆர்வலர்கள் இணையத்தில் வசூல் செய்து 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அவ்வளவுதான் வந்தது.

இதையும் கிராஃப்ட்வெர்க்கையும் பக்கத்தில் வையுங்கள். 1977-ல் வந்த அவர்களுடைய 'மெட்டால் அவுஃப் மெட்டால்' பதிவிலிருந்து இரண்டு விநாடித் தாளத்தை மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர் 1997-ல் ஒரு ராப் பாட்டில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஹூட்டரும் ஷ்னைடரும் விடவில்லை. ஜெர்மன் நீதிமன்றங்களில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, 2016-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் என்று வழக்கு இருபது ஆண்டைத் தாண்டியது. ஸ்டுடியோ சொந்தம், லேபிள் ஏற்பாடு தெளிவு, பெயர் சொந்தம் என்று இருப்பவர்களால் இரண்டு விநாடிக்கு இருபது ஆண்டு போராட முடிந்தது. கோல்மனுக்கு அந்த வசதி எதுவும் இல்லை.

கிராஃப்ட்வெர்க்கின் நீண்ட ஆயுளுக்கும் அதுவே காரணம் என்பேன். டுசல்டார்ஃபில் கிளிங் கிளாங் என்று சொந்த ஸ்டுடியோ. வாடகைக் கணக்கில் மணி ஓடாது. 1974-லிருந்து 1981-க்குள் ஐந்து ஆல்பம் போட்டார்கள். பிறகு 2003 வரை புதுப்பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்றே ஒன்று. ஒரு ராக் பேண்ட் இப்படி இருந்தால் லேபிள் தலையில் அடித்துக்கொள்ளும். இவர்கள் பழைய பதிவுகளையே திரும்பச் செதுக்கினார்கள். 2012-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் எட்டு இரவு, இரவுக்கு ஓர் ஆல்பம். ஆனால் அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் வோல்ஃப்காங் ஃப்ளூரும் கார்ல் பார்டோஸும். வாசிக்க வேலையே இல்லாமல் ஒருவர் 1987-லும் மற்றவர் 1990-லும் வெளியேறினார்கள்.

டீலியா டர்பிஷையரையும் சொல்லிவிடுகிறேன். 1963, பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப். 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசை. ரான் கிரைனர் எழுதிக்கொடுத்தது ஒரு தாள் மெட்டு. அப்போது விற்பனைக்கு வந்த சின்தசைசர் என்று ஒன்று கிடையாது. டீலியா ஆஸிலேட்டர் என்ற மின்கருவியின் ஒலியையும், சுண்டிவிட்ட ஒற்றைத் தந்தி ஒலியையும் டேப்பில் பதிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் வேகம் மாற்றி, டேப்பை அங்குலக் கணக்கில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். கேட்ட கிரைனர் ராயல்டியில் பாதியை அவருக்குத் தர முன்வந்தார். ஊழியர் பெயரைப் போடுவதில்லை என்ற பிபிசி விதி குறுக்கே நின்றது. 1973-ல் அந்த வேலையை விட்டார். திரையில் பெயர் வந்தது தொடரின் ஐம்பதாம் ஆண்டில், 2013-ல். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

புதுக்காது

எல்லாரும் எழுதினதைப் படிச்சு முடிக்கவே நேரம் ஆச்சு, நன்றி. நான் இந்த இசைக்கெல்லாம் புதுசு. ஒரு கேள்வி. ஒரே பேண்ட், ஒரே ஆட்கள், ஆனா இசை வகை முழுசா மாறினது உண்டா? மாறினப்போ ரசிகர்கள் கூட வந்தாங்களா?

இரண்டாம்பக்கம்

தம்பி, ரேடியோஹெட்தான் கண்ணு முன்னால இருக்கற உதாரணம். பள்ளிக்கூடத்துல சேர்ந்த அதே அஞ்சு பேர். 1997-ல கிட்டார் பேண்டா உச்சிக்குப் போனாங்க. 2000 அக்டோபர்ல 'கிட் ஏ' வந்தப்போ கிட்டாரைத் தேடணும். ஜானி கிரீன்வுட் ஓந்து மார்த்தனோன்னு ஒரு பழைய பிரெஞ்சு மின்வாத்தியத்தை எடுத்தார். 'இடியோடெக்' பாட்டுக்கு அடியில ஓடற நாலு கார்டு, பால் லான்ஸ்கி 1973-ல கம்ப்யூட்டர்ல செஞ்ச ஒரு இசையில இருந்து அனுமதி கேட்டு எடுத்தது. 'தி நேஷனல் ஆந்தம்' பாட்டுல சார்லஸ் மிங்கஸ் பாணியில பிராஸ் வாத்தியங்கள் ஒண்ணு மேல ஒண்ணு மோதும். ரசிகர்கள் திட்டினாங்க, அப்புறம் வந்தாங்க. 2003-லயே லேபிள் ஒப்பந்தம் முடிஞ்சிருந்ததால, 2007-ல 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இஷ்டப்பட்ட விலைக்கு எடுத்துக்கோங்கன்னு இணையத்துல போட்டாங்க.

ஆனா ரசிகர் கூட வராத உதாரணம்தான் எனக்கு ரொம்ப நெருக்கம்: டாக் டாக். 1982-ல சின்த்பாப், 1984-ல 'இட்ஸ் மை லைஃப்', ஐரோப்பா முழுக்க ஹிட். அந்தக் காசையும் பேரையும் வெச்சுக்கிட்டு மார்க் ஹாலிஸ் என்ன பண்ணினார்னா, ஸ்டுடியோவை இருட்டாக்கி, எண்ணெய் வண்ணங்களை அசையவிடற புரொஜெக்டர் வெளிச்சத்துல, ஜாஸ், ஃபோக் கலைஞர்களைக் கூப்பிட்டுப் பல மாசம் வாசிக்க விட்டார். டபுள் பேஸுக்கு டேனி தாம்ப்சன், டிரம்பெட்டுக்கு ஹென்றி லோதர். மணிக்கணக்கா பதிஞ்சு அதுல சில விநாடியை மட்டும் எடுத்து வெச்சார். 1988-ல 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. வானொலியில போட ஒரு பாட்டு கிடையாது, டூர் கிடையாது. 1991-ல இன்னொண்ணு, 1998-ல தனியா ஒண்ணு. அதோட நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டார். 2019-ல இறந்தார்.

என்னைக் கேட்டா இந்த இழையில வந்த எல்லாரையும் விட வெற்றிகரமான இசை வாழ்க்கை அதுதான். சொல்ல வேண்டியதைச் சொன்னார், முடிஞ்சதும் எழுந்து போனார்.

நீலச்சுரம்

அங்கே உங்களோடு முரண்படுகிறேன். நிறுத்துவது ஒரு துணிவுதான், ஆனால் நிறுத்திவிட்டுத் திரும்புவது அதைவிடக் கடினம். சானி ராலின்ஸ் 1959-ல் புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகினார். தன் வாசிப்பு தனக்குப் போதவில்லை என்பதுதான் காரணம். அடுக்குமாடி வீட்டில் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் இருந்ததால் அங்கே ஊதத் தயங்கி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். கீழே ஆற்றில் படகுச் சங்கு, பக்கத்தில் ரயில், அதற்கு மேல் தன் டெனர் சாக்ஸபோன். வெயிலோ பனியோ, சில நாள் பதினைந்து மணி நேரம். 1961-ல் திரும்பினார், 1962-ல் 'தி பிரிட்ஜ்'. அதற்குப் பிறகும் ஐம்பது ஆண்டு மேடையில் இருந்தார். ஹாலிஸின் மௌனத்தை மதிக்கிறேன். ஆனால் இசையைக் கேட்க வந்தவளுக்கு ராலின்ஸின் ஐம்பது ஆண்டுதான் பெரிது.

தாளக்கட்டு

இந்த இடத்தில் மெக்லாக்லினைச் சேர்க்காமல் விட முடியாது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து மின்கிட்டார், காது கிழியும் சத்தம். அதை விட்டுவிட்டு, எழுபதுகளின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோரோடு தரையில் உட்கார்ந்தார். சக்தி. கமகம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே கிட்டார் பலகையில் குறுக்கே இருக்கும் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்கே அனுநாதமாக ஒலிக்கும் தந்திகளும் சேர்த்துத் தனிக் கிட்டார் செய்யவைத்தார். லேபிளுக்கு இது பெரிய அதிர்ச்சி. மூன்று ஆல்பத்தோடு அன்றைக்கு முடிந்தது.

ஆனால் 1997-ல் மீண்டும் கூடியது. பிறகு விநாயக்ராமின் இடத்துக்கு மகன் செல்வகணேஷ் வந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 2014-ல் அவரை இழந்தோம். 2023-ல் 'திஸ் மொமெண்ட்', 2024 பிப்ரவரியில் கிராமி. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார். அப்பாவிடமிருந்து மகனுக்கு இடம் போவதைப் பார்த்து நம்மில் யாரும், இது உண்மையான சக்தியா என்று கேட்கவில்லை. ஸ்காட் போனதும் ஜான்சன் வந்ததைவிட இது நமக்கு எளிதாக இருக்கிறது. பக்கவாத்தியத்தில் வாரிசு வருவது நம் காதுக்குப் பழகிய ஏற்பாடு. எனவே நான் முதலில் போட்ட மூன்று பெட்டியோடு நான்காவதும் உண்டு: பாணி கைமாறும் இசை. எலிங்டனும் பிளேக்கியும் அங்கேதான் வருகிறார்கள். ஜாஸ் கலைஞர் சன் ராவின் ஆர்கெஸ்ட்ராவும் அங்கேதான். சன் ரா 1993-ல் இறந்தார், அடுத்துத் தலைமை ஏற்ற ஜான் கில்மோர் 1995-ல் இறந்தார், அப்போது பொறுப்பேற்ற மார்ஷல் ஆலன் தன் பெயரில் முதல் தனி ஆல்பம் வெளியிட்டது 2025-ல், நூறு வயதில்.

மின்சாரக்குயில்

பாணி கைமாறுவது என்றால் டேவிட் போவியின் கடைசி ஆல்பம். ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் சொன்னதைக் கேட்டு 2014-ல் நியூயார்க்கில் '55 பார்' என்ற சின்ன இடத்தில் சாக்ஸபோன்காரர் டானி மெக்காஸ்லின் குழுவைப் போய்ப் பார்த்தார். டிரம்மர் மார்க் கிலியானா. அவர் சிறப்பு என்னவென்றால் டிரம் மெஷினும் ஜங்கிள் பாட்டின் வெட்டுத் தாளமும் கேட்டு வளர்ந்து, அவற்றைக் கையாலேயே வாசிப்பார். மேலே நான் சொன்ன ஆமென் பிரேக்கை யோசியுங்கள்: கையால் வாசித்தது, மெஷின் நறுக்கியது, அந்த நறுக்கலை ஒரு ஜாஸ் டிரம்மர் திரும்பக் கைக்குக் கொண்டுவருகிறார், அது ஒரு ராக் பாடகரின் 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தில் வருகிறது. 2016 ஜனவரி 8, போவியின் அறுபத்தொன்பதாம் பிறந்தநாளில் வெளியானது. 10-ம் தேதி இறந்தார். தன்னைவிட இளையவர்கள், தனக்குப் பழகாத இசைக்காரர்கள், இவர்களை நம்பிக் கடைசிப் படைப்பைக் கொடுத்தவர் அவர்.

கீபோர்டுத்தொழில்

பெயர் வெளியே தெரியாமல் மூன்று உலகத்திலும் வாழ்ந்தவர் ஒருவரை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ஓமர் ஹக்கிம், டிரம்மர். 1980-களில் வெதர் ரிப்போர்ட். 1983-ல் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பம். 1985-ல் ஸ்டிங்கின் முதல் தனி ஆல்பம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற ராக் பேண்டின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' பதிவில் பேண்டின் சொந்த டிரம்மர் டெர்ரி வில்லியம்ஸின் வாசிப்பு ஒத்துவரவில்லை என்று இவரைக் கூப்பிட்டார்கள். இரண்டே நாளில் கிட்டத்தட்ட எல்லாப் பாட்டையும் முடித்துக் கொடுத்தார். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து டாஃப்ட் பங்க் என்ற எலக்ட்ரானிக் இரட்டையர், மெஷினை ஒதுக்கி ஆட்களை வாசிக்கவைத்து 2013-ல் செய்த 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்திலும் அவர். அது 2014-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது.

ஜாஸ், ராக், எலக்ட்ரானிக் என்று நாம் பிரிப்பது கடை அலமாரிக்குத்தான். ஸ்டுடியோவுக்குள் அப்படி ஒரு சுவர் கிடையாது. நேரத்துக்கு வருவது, தாளில் இருப்பதை முதல் தடவையிலேயே வாசிப்பது, பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுப்பது. முப்பது ஆண்டு தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது என்றால் அந்த மூன்றும்தான். என் தொழிலில் நான் பெரிதாக மதிக்கும் பெயர் அவருடையது.

புதுக்காது

கீபோர்டு அண்ணா, 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' என்கிட்ட இருக்கு. அப்போ டெர்ரி வில்லியம்ஸ் வாசிச்சது எதுவுமே அதுல மிஞ்சலையா?

கீபோர்டுத்தொழில்

மிஞ்சியிருக்கிறது தம்பி. 'மணி ஃபார் நத்திங்' தொடக்கத்தில், கிட்டார் வருவதற்கு முன்னால் சின்த் ஒலிக்கு மேலே டிரம்ஸ் மெதுவாக ஆரம்பித்து உருண்டு உருண்டு பெரிதாகும் இல்லையா, அது வில்லியம்ஸ். கிட்டார் உள்ளே வந்த பிறகு கேட்பது ஹக்கிம். ஹெட்ஃபோன் போட்டு, அந்த இடத்தை இரண்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்.